அத்தியாயம் 6: வீட்டுக்கு வரும் சிஸ்டர்

"நாளைக்கு டிஸ்சார்ஜ். வீட்டுல ஒரு நர்ஸ் வெச்சுப் பாத்துக்குங்க." ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் இதைச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். எந்த நர்ஸ், எத்தனை மணி நேரம், அவர் என்ன செய்வார், நாம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பதற்குள் பில்லிங் கவுன்ட்டரிலிருந்து அழைப்பு வந்துவிடும்.

இந்த அத்தியாயத்துக்கு ஒரு நோயாளியை மனதில் வைத்துக்கொள்கிறேன். பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துபோன அப்பா. மூக்கு வழியாக உணவுக் குழாய், சிறுநீர்க் குழாய், சர்க்கரைக்கு இன்சுலின், இடுப்பில் தொடங்கியிருக்கும் படுக்கைப் புண். உங்கள் வீட்டில் இருப்பவருக்கு இவற்றில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். தேவையான பகுதிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்த மூன்று தலைப்புகளை யாரும் தாண்ட வேண்டாம்.

நீங்கள் தேடுவது நர்ஸா, பார்த்துக்கொள்ளும் ஆளா?

ஏஜென்சிக்கு போன் போடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள்.

இடப்பக்கம் பயிற்சி பெற்ற கைக்கு மட்டுமே உரிய வேலைகள்: மூக்குக் குழாய் போடுவது, மாற்றுவது, கத்தீட்டர் எனும் சிறுநீர்க் குழாயை மாற்றுவது, நரம்பில் மருந்து ஏற்றுவது, புண்ணுக்கு டிரெஸ்ஸிங், தொண்டைக் குழாயில் சளி உறிஞ்சுவது.

வலப்பக்கம் சொல்லிக்கொடுத்தால் யாரும் செய்யக்கூடியவை: குளிப்பாட்டல், டயப்பர் மாற்றல், திருப்பிப் படுக்கவைத்தல், குழாயில் கஞ்சி ஊற்றுதல், யூரின் பையைக் காலி செய்தல், சர்க்கரை பார்த்தல்.

தாள் நிரம்பியதும் ஒன்று தெரியும். இடப்பக்க வேலைகள் பெரும்பாலும் நாளுக்கு ஒரு மணி நேரம்கூட வராது. சில வாரத்துக்கு ஒரு முறைதான். நாள் முழுவதையும் விழுங்குவது வலப்பக்கம். ஆகவே பெரும்பாலான வீடுகளுக்கு என் யோசனை இது: தகுதியுள்ள நர்ஸை விசிட் கணக்கில் வரவழையுங்கள். பகலுக்கோ இரவுக்கோ ஒரு அட்டெண்டரை வையுங்கள். வீட்டில் இரண்டு பேராவது வலப்பக்க வேலைகள் அனைத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். தொண்டைக் குழாய், வென்டிலேட்டர் போன்றவை இருந்தால் மட்டும் கணக்கு மாறும். அங்கே 24 மணி நேரமும் நர்ஸ் வேண்டும். அதில் சிக்கனம் பார்க்க இடமில்லை.

"ஹோம் நர்ஸ்" என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். எங்கள் வீட்டுக்கு ஒரு ஏஜென்சி முதலில் அனுப்பிய பெண் வெள்ளைக் கோட்டுடன் வந்தார், பணிவாகப் பேசினார், நன்றாகவும் பார்த்துக்கொண்டார். மூன்றாம் நாள் கத்தீட்டர் அடைத்துக்கொண்டபோதுதான், "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க சார், நான் ஆயா வேலைக்கு வந்தவ" என்றார். தவறு அவருடையதல்ல. அதுவரை நாங்கள் நர்ஸுக்கான பணத்தைத்தான் கட்டிக்கொண்டிருந்தோம்.

டிஸ்சார்ஜுக்கு முந்தைய மூன்று நாள்

வீட்டு மருத்துவம் வெற்றி பெறுவதும் தோற்பதும் பெரும்பாலும் இந்த மூன்று நாளில்தான்.

1. வார்டு சிஸ்டரிடம், "இனிமே கஞ்சியை நாங்க ஊத்துறோம், நீங்க பக்கத்துல நின்னு பாருங்க" என்று கேளுங்கள். அவர்கள் செய்வதை வேடிக்கை பார்ப்பதும் நாமே செய்வதும் ஒன்றல்ல. ஒவ்வொரு வேலையையும் குறைந்தது மூன்று முறை உங்கள் கையால் செய்து பழகுங்கள்.
2. டிஸ்சார்ஜ் சம்மரியை வாசித்து, மருந்துகளை வேளை வாரியாகத் தமிழில் எழுதி வாங்குங்கள். பழைய மருந்துகளில் எது தொடர்கிறது, எது நின்றது என்று தனியாகக் கேளுங்கள். வீட்டு டப்பாவில் இருக்கும் பழைய பிரஷர் மாத்திரையும், புதிய சீட்டில் வேறு கம்பெனிப் பெயரில் இருக்கும் அதே மாத்திரையும் சேர்ந்து உள்ளே போவது அடிக்கடி நடக்கும் தவறு.
3. ஒவ்வொரு குழாயும் போடப்பட்ட தேதி, அதன் அளவு, அடுத்து மாற்ற வேண்டிய தேதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வரும் நர்ஸ் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.
4. "எந்த அளவைத் தாண்டினா உங்களைக் கூப்பிடணும்?" என்று டாக்டரிடம் கேளுங்கள். காய்ச்சல், பிரஷர், சர்க்கரை, ஆக்சிஜன் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வேண்டும். இரவில் அழைக்கும் எண்ணையும் வாங்குங்கள்.
5. நரம்பில் போடும் ஆன்டிபயாட்டிக்கை வீட்டில் தொடரப் போகிறீர்கள் என்றால், அதன் முதல் டோஸ் மருத்துவமனையிலேயே போடப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வாமை வந்தால் சமாளிக்கும் வசதி அங்கேதான் இருக்கிறது.

கட்டில், காற்று மெத்தை, சக்ஷன் மெஷின் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். நோயாளி வருவதற்கு முதல் நாளே அவை வீட்டுக்கு வந்து ஓடிப் பார்த்திருக்க வேண்டும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் லிஃப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் நுழைகிறதா என்று அளந்துவிடுங்கள். பல லிஃப்டுகளில் நுழையாது.

ஆளை எடுக்கும்போது

தமிழ்நாட்டில் நர்ஸ் என்றால் ஜி.என்.எம். டிப்ளமோவோ பி.எஸ்சி. நர்சிங் பட்டமோ முடித்து, தமிழ்நாடு நர்சஸ் அண்டு மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவு செய்தவர். ஏ.என்.எம். முடித்தவருக்கும் பதிவு உண்டு. பதிவு எண்ணைக் கேளுங்கள். உண்மையான நர்ஸ் இதற்குக் கோபிக்க மாட்டார், சான்றிதழை போனிலேயே வைத்திருப்பார். பிறகு இவற்றைக் கேளுங்கள்:

- கத்தீட்டர் போட்ட அனுபவம் உண்டா? ஆண் நோயாளிக்குப் போட்டிருக்கிறீர்களா? (இரண்டும் ஒன்றல்ல.)
- டூட்டி 12 மணி நேரமா, தங்கிப் பார்ப்பதா? லீவு எடுத்தால் மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார்?
- சாப்பாடு, தங்குமிடம் யார் பொறுப்பு? முன்பணம் எவ்வளவு, திரும்பக் கிடைக்குமா?
- ஊசி, டிரெஸ்ஸிங் இவற்றுக்கு டாக்டர் சீட்டு கேட்பீர்களா?

கடைசிக் கேள்விக்கு "சீட்டெல்லாம் வேண்டாம், நாங்களே போட்டுருவோம்" என்று பதில் வந்தால் அந்த ஏஜென்சியை விட்டுவிடுங்கள். எழுதிய மருத்துவக் குறிப்பு இல்லாமல் ஊசி போட முன்வருபவர் உதவி செய்யவில்லை.

அடையாள அட்டை நகலை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். நகை, பணம் இருக்கும் பீரோவைப் பூட்டிவிடுங்கள். சந்தேகத்துக்காக அல்ல, பிறகு ஏதாவது காணாமல்போனால் அந்தப் பெண்ணின் மேல் பழி விழாமல் இருப்பதற்காகத்தான்.

ஒரு கோடு போட்ட நோட்டு

இந்தப் புத்தகத்திலிருந்து ஒரே ஒரு யோசனையைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நீள நோட்டைக் கட்டில் அருகில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். நாளுக்கு ஒரு பக்கம்: நேரம், பிரஷர், நாடி, காய்ச்சல், சர்க்கரை, உள்ளே போன திரவம், வெளியே வந்த சிறுநீர் (மில்லி கணக்கில்), கொடுத்த மருந்து, திருப்பிய பக்கம், செய்தவர் கையெழுத்து.

டூட்டி மாறும்போது வாய்மொழியாக ஒப்படைப்பதை அனுமதிக்காதீர்கள். போகிறவரும் வருகிறவரும் கட்டில் அருகில் நின்று நோட்டை வாசிக்க வேண்டும். "மருந்து குடுத்தாச்சா?" என்ற கேள்விக்கு "குடுத்திருப்பாங்க" என்பது பதில் அல்ல. எழுதவில்லை என்றால் கொடுக்கவில்லை என்று வைத்துக்கொண்டு, கொடுக்க வேண்டியவரை போனில் கேட்டுவிட்டுப் பிறகு முடிவெடுங்கள். இரண்டு முறை போகும் இன்சுலின், ஒரு முறை தவறும் இன்சுலினைவிட வேகமாக ஆளைச் சாய்க்கும்.

மூக்குக் குழாயில் உணவு

அதிக பயமும் அதிக தவறும் இங்கேதான். குழாயின் முனை வயிற்றில் இல்லாமல் நுரையீரல் பக்கம் இருந்தாலோ, ஊற்றியது மேலேறி மூச்சுக்குழாயில் இறங்கினாலோ நிமோனியா வரும். பக்கவாதம் வந்தவர்களை வீட்டிலிருந்து மறுபடி மருத்துவமனைக்கு இழுத்துப்போகும் காரணங்களில் இது முக்கியமானது.

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்துங்கள். சாதாரணக் கட்டில் என்றால் தலையணைகளைத் தோளுக்கும் முதுகுக்கும் அடியிலிருந்து படியாக அடுக்குங்கள். தலைக்கு மட்டும் வைத்தால் கழுத்துதான் மடங்கும்.
2. மூக்கருகில் குழாயில் போட்ட குறி அதே இடத்தில் இருக்கிறதா பாருங்கள். குழாய் வெளியே நழுவியிருந்தால் உணவு கொடுக்காதீர்கள். நீங்களாக உள்ளே தள்ளவும் வேண்டாம், நர்ஸை அழையுங்கள்.
3. 50 மில்லி சிரிஞ்சால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். வயிற்று நீரோ செரித்த பாலோ வரும். பிஎச் தாள் வைத்திருந்தால் 5.5 அல்லது அதற்குக் கீழ் காட்ட வேண்டும். எவ்வளவுக்கு மேல் வந்தால் அந்த வேளையைத் தள்ளிப்போட வேண்டும் என்று முன்பே கேட்டு நோட்டில் எழுதியிருக்க வேண்டும்.
4. 30 மில்லி தண்ணீர் விடுங்கள்.
5. சிரிஞ்சின் உள்தண்டை எடுத்துவிட்டு, குழாயில் செருகி, சற்று உயர்த்திப் பிடித்து, கஞ்சியை ஊற்றித் தானாக இறங்கவிடுங்கள். 200 மில்லிக்கு 15 முதல் 20 நிமிடம் ஆகும். தண்டை வைத்து அழுத்தாதீர்கள். மறுபடி ஊற்றும்போது குழாயைக் கிள்ளிப் பிடித்தால் காற்று போகாது.
6. மறுபடி 30 மில்லி தண்ணீர். மூடியைப் போடுங்கள்.
7. குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் அப்படியே சாய்ந்திருக்கட்டும். உணவு கொடுத்த கையோடு டயப்பர் மாற்றப் படுக்கவைப்பது, முதுகு துடைப்பது எல்லாம் வேண்டாம். அவற்றை உணவுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

நடுவில் இருமல், மூச்சிரைப்பு, முகம் நீலம் பாய்தல் என்று எது வந்தாலும் உடனே நிறுத்துங்கள்.

காற்றைச் செலுத்தி வயிற்றில் "குளுக்" சத்தம் கேட்டால் குழாய் சரியான இடத்தில் இருக்கிறது என்று இன்னும் சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். குழாய் தவறான இடத்தில் இருக்கும்போதும் அந்தச் சத்தம் கேட்கும். அதை மட்டும் நம்ப வேண்டாம்.

கஞ்சியை இரட்டைத் துணியில் வடிகட்டுங்கள். சூடு மணிக்கட்டில் விட்டால் இதமாக இருக்க வேண்டும். கரைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம். மாத்திரைகளைத் தனித்தனியாகப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து விடுங்கள், கஞ்சியில் கலக்காதீர்கள். சில மாத்திரைகளை, குறிப்பாக வயிற்றில் கரையாமல் குடலில் கரையும்படி மேல்பூச்சு போட்டவற்றையும் மெதுவாகக் கரையும் வகைகளையும், பொடிக்கவே கூடாது. மருந்துக்கடைக்காரரிடம் அல்ல, டாக்டரிடம் கேட்டுத் திரவமாகவோ வேறு மருந்தாகவோ மாற்றி எழுதி வாங்குங்கள்.

இன்னொரு ஆபத்து பாசத்தோடு வரும். ஊரிலிருந்து வரும் சித்தி, "பாவம், நாக்கு வறண்டு கெடக்கு, ஒரு வாய் காப்பி குடுத்தா என்ன?" என்பார். விழுங்கும் திறனைப் பரிசோதித்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஒரு ஸ்பூன்கூட வாய் வழியாக வேண்டாம். நாக்கு வறட்சிக்கு ஈரப் பஞ்சால் வாயைத் துடைத்துவிடுங்கள். அந்த வேலையைச் சித்திக்கே கொடுத்துவிட்டால் அவருக்கும் நிம்மதி.

யூரின் பை

விதி ஒன்றுதான்: பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல். படுக்கையை மாற்றும்போது பையை எடுத்து வயிற்றின் மேல் வைப்பார்கள். அந்த அரை நிமிடத்தில் பழைய சிறுநீர் பைக்குழாயிலிருந்து திரும்பி உள்ளே போகும்.

- பை முக்கால் அளவு நிறையும்வரை விடாதீர்கள். அளந்து, எழுதி, பிறகு கொட்டுங்கள்.
- குழாய் உடலுக்குள் போகும் இடத்தைத் தினம் சோப்புத் தண்ணீரால், உடலிலிருந்து வெளிப்புறமாகத் துடையுங்கள். டெட்டால் வேண்டாம்.
- குழாயைத் தொடையில் பிளாஸ்திரி போட்டுத் தளர்வாக நிறுத்துங்கள்.
- சில மணி நேரமாகச் சிறுநீரே இறங்கவில்லை என்றால் முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா, நோயாளி அதன் மேல் படுத்திருக்கிறாரா பாருங்கள். அதன் பிறகும் இறங்காமல் அடிவயிறு உப்பினால் உடனே நர்ஸ்.
- ஒருபோதும் இழுக்காதீர்கள். உள்ளே தண்ணீர் நிரப்பிய சிறு பலூன்தான் அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. பலூனோடு வந்தால் சிறுநீர்ப் பாதை கிழியும்.

படுக்கைப் புண்

புண் வந்த பிறகு டிரெஸ்ஸிங் நர்ஸ் வேலை. வராமல் பார்ப்பது உங்கள் வேலை.

2 மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்ப வேண்டும். "6 இடது, 8 நேர், 10 வலது" என்று நோட்டில் முன்கூட்டியே எழுதிவைத்தால் மறக்காது. முழுப் பக்கவாட்டில் நிறுத்தாமல் முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். குதிகால் மெத்தையில் படாமல் இருக்கக் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை.

மேலே ஏற்றிப் படுக்கவைக்கும்போது அக்குளில் கைகொடுத்து இழுக்காதீர்கள். உரசலில் தோல் உரியும். அதோடு பக்கவாதம் வந்த பக்கத்துத் தோள் மூட்டுக்குப் பிடிமானம் கிடையாது. இழுத்தால் நழுவி மாதக்கணக்கில் வலிக்கும். இடுப்புக்குக் கீழே ஒரு மடித்த வேட்டியை விரித்து, இரண்டு பேர் இரு ஓரமும் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். பழைய எட்டு முழ வேட்டிக்கு இதைவிட நல்ல வேலை இல்லை.

தினம் குளிப்பாட்டும்போது பின் இடுப்பு, குதிகால், காது மடல், முழங்கை பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துச் சிவந்தால் தப்பித்தீர்கள். அழுத்தியும் சிவப்பு மாறவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், பவுடர் கொட்டாதீர்கள், நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையத்தில் உட்காரவைக்காதீர்கள். வளையம் சுற்றிலும் அழுத்தி நடுப்பகுதிக்கு ரத்தம் போவதையே தடுக்கும். காற்று மெத்தை நல்லது, ஆனால் அதன் மேல் ஜமுக்காளம், ரப்பர் ஷீட், மடித்த போர்வை என்று அடுக்கினால் வாடகை வீண். மெத்தை இருந்தாலும் திருப்புவது நிற்கக் கூடாது.

இன்சுலின்: மூடி நிறத்தைப் பாருங்கள்

நம் ஊரில் பாட்டில் இன்சுலின் இரண்டு செறிவில் கிடைக்கிறது. மில்லிக்கு 40 யூனிட் உள்ள பாட்டிலுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். மில்லிக்கு 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் எழுதியதைப்போல இரண்டரை மடங்கு உள்ளே போகும். மருந்து வாங்கும்போதே பாட்டிலையும் சிரிஞ்சையும் பக்கத்தில் வைத்து எண்ணை ஒப்பிடுங்கள். பென்னில் போடுபவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

குழாய் அடைத்தது, வாந்தி வந்தது என்று ஒரு வேளை உணவு தவறினால், வழக்கமான இன்சுலினைப் போடும் முன் டாக்டரைக் கேளுங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே போய், ஆள் விழிப்பாக இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குழாய் வழியாகவோ, விழுங்க முடிந்தவருக்கு வாய் வழியாகவோ கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

திறக்காத இன்சுலின் ஃபிரிட்ஜில், ஃபிரீசரை ஒட்டாத தட்டில். ஊசியைத் திரும்ப மூடியில் செருகாதீர்கள். கை குத்திக்கொள்வது அப்போதுதான். தடித்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் போட்டு, நிறைந்ததும் டேப் ஒட்டி, வரும் நர்ஸிடமோ மருத்துவமனையிலோ ஒப்படையுங்கள். குப்பை பொறுக்குபவர் கையை நினைத்துக்கொண்டால் சோம்பல் வராது.

ஆக்சிஜன் இருந்தால்

அந்த அறையில் விளக்கேற்றுவது, ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்தி, பீடி எதுவும் கூடாது. மூக்கு காய்ந்தால் வாசலினோ எண்ணெயோ தடவாதீர்கள். கான்சன்ட்ரேட்டர் மின்சாரத்தில் ஓடுவது. மின்வெட்டுக்கு ஒரு சிலிண்டர் நிரப்பி, திருகு சாவியோடு அருகில் இருக்க வேண்டும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர்களுக்கு ரத்த ஆக்சிஜன் அளவை பெரும்பாலும் 88 முதல் 92 வரையே இலக்காக வைப்பார்கள். "தொண்ணூறுதானே காட்டுது" என்று நீங்களாகத் திருகைக் கூட்டினால் மூச்சு மந்தமாகலாம்.

எப்போது யாரை அழைப்பது

உடனே 108: மூச்சுத் திணறல், நினைவு தப்புதல், வலிப்பு, நெஞ்சுவலி, புதிதாக வாய் கோணல் அல்லது பேச்சுக் குளறல், நிற்காத ரத்தம்.

அன்றே நர்ஸ் அல்லது டாக்டர்: காய்ச்சல், கலங்கிய அல்லது ரத்தம் கலந்த சிறுநீர், திரும்பத் திரும்ப வாந்தி, புண்ணில் நாற்றம், ஊசிக் குழாய் இருக்கும் கையில் சிவப்பும் வீக்கமும், வழக்கத்துக்கு மாறான தூக்கம் அல்லது பிதற்றல்.

கதவின் பின்னால் ஒரு தாளில் முழு முகவரி, அருகில் உள்ள கோயிலோ கடையோ, நோய் பெயர், ஒவ்வாமை, டாக்டர் எண் எல்லாம் ஒட்டியிருக்கட்டும். இரவு 2 மணிக்கு வெளியூர் அட்டெண்டரால் உங்கள் தெருப்பெயரைச் சொல்ல முடியாது.

பணமும் அரசு வழியும்

2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மருந்துகள் வீட்டுக்கே வருகின்றன. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி நிவாரண நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வருவதும் அதில் உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரி நகலோடு உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். தனியார் நர்ஸ் வைத்திருப்பவர்களும் பதியலாம், தயங்க வேண்டாம்.

தனியார் காப்பீட்டில் "டொமிசிலியரி" என்ற பிரிவு இருக்கிறதா பாருங்கள். மருத்துவமனையில் சேர்த்துச் செய்ய வேண்டிய சிகிச்சையை, நகர்த்த முடியாத நிலையிலோ படுக்கை கிடைக்காமலோ வீட்டில் செய்தால் அதற்கானது அது. குளிப்பாட்டி, சோறூட்டும் அட்டெண்டர் சம்பளம் அதில் வராது. பில்லில் நர்ஸ் பெயரும் பதிவு எண்ணும், கூடவே டாக்டர் சீட்டும் இருந்தால்தான் கேட்டுப் பார்க்கவே முடியும்.

வருகிறவருக்கும் ஒரு நாற்காலி

இரவு டூட்டிக்கு வருபவருக்கு உட்கார இடம், குடிக்கத் தண்ணீர், கழிப்பறை, சாப்பிட அரை மணி நேரம் வேண்டும். 24 மணி நேரம் தங்குபவரை ராத்திரி முழுக்க விழித்திருக்கச் சொல்லாதீர்கள். தூங்காத கை அளவு தப்பும். பாத்திரம் விளக்கு, காய் நறுக்கு என்று நடுநடுவே வேலை ஏவுவதும் வேண்டாம். "சிஸ்டர்" என்றோ "அக்கா" என்றோ கூப்பிட்டுவிட்டு, தனித் தட்டும் தனி டம்ளரும் எடுத்துக் கொடுக்கும் வீடுகளில் யாரும் நிலைப்பதில்லை. நிலைத்தால் ஆச்சரியம்.

நோயாளியிடமும் கேளுங்கள். பேச வராவிட்டாலும் அப்பாவுக்குப் புரியும். டயப்பர் மாற்றும்போது கதவைச் சாத்துங்கள், வந்த விருந்தாளிகளை ஹாலுக்கு அனுப்புங்கள். பெண் நோயாளிக்குப் பெண் நர்ஸ்தான் வேண்டும் என்று ஏஜென்சியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குழாய்களை எடுக்கும் நாள்

பலர் கேட்க மறக்கும் கேள்வி இது. மாற்றும் தேதி மட்டும் நோட்டில் இருக்கும். எடுக்கும் தேதி இருக்காது. ஒவ்வொரு ரிவ்யூவிலும் மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்:

1. இந்த யூரின் குழாய் இன்னும் தேவையா? எடுத்துப் பார்க்கலாமா?
2. விழுங்கும் பரிசோதனையை எப்போது செய்யலாம்?
3. நர்ஸ் விசிட்டை வாரத்துக்கு எத்தனையாகக் குறைக்கலாம்?

யூரின் குழாயை எடுக்கும் நாளில் நர்ஸை வீட்டிலேயே சில மணி நேரம் இருக்கச் சொல்லுங்கள். எடுத்து 6 மணி நேரத்துக்குள் அப்பா தானாகச் சிறுநீர் கழிக்கிறாரா என்று பார்த்து, நேரத்தையும் அளவையும் நோட்டில் எழுதிவிட்டு நர்ஸ் கிளம்பட்டும்.